நூற்றுக்கு எத்தனை பேர்? பொட்ஸ்வானாவின் எச்.ஐ.வி. சிகிச்சை வரலாற்றிலிருந்து

எச்.ஐ.வி. பற்றி நான் முதலில் கேள்விப்பட்டது பள்ளிக் காலத்தில், எங்கட ஊர்த் தேத்தண்ணிக் கடையில். "அது வந்தா மௌத்துதான், மருந்தே இல்ல" என்றார் ஒரு பெரியவர். அன்றைக்கு அது பெரிய பிழையுமல்ல. 1987இல் அமெரிக்கா அங்கீகரித்த ஏ.இசட்.ரி. மருந்தைத் தனியாகக் கொடுத்தபோது வைரஸ் தன்னை மாற்றிக்கொண்டு அதற்குத் தப்பிவிட்டது. 1996 அளவில் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை வந்தபின்தான், இரத்தத்திலுள்ள வைரஸைச் சோதனைக்குப் புலப்படாத மட்டத்துக்கு இறக்கி, ஆண்டுக்கணக்காக அங்கேயே வைத்திருக்க முடிந்தது. வைரஸ் அடக்கம் என்பது இதுதான். வைரஸ் ஒழிந்துபோவதில்லை, பதுங்கியிருக்கிறது.

அந்தப் பெரியவரின் பேச்சு எங்கே, எப்போது பொய்த்தது என்று தேடப்போய்த்தான் நான் பொட்ஸ்வானாவின் கதைக்கு வந்து சேர்ந்தேன்.

ஆரம்பத்தில் இந்த மூன்று மருந்துகளுக்கு ஒருவருக்கு ஆண்டொன்றுக்குப் பத்தாயிரம் டொலருக்கும் மேல் செலவானது. 2001இல் மும்பையின் சிப்லா நிறுவனத்தை நடத்திய யூசுப் ஹமீத், எல்லைகளற்ற வைத்தியர்கள் அமைப்புக்கு அதை 350 டொலருக்குத் தர முன்வந்தார். விலைகள் சரியத் தொடங்கிய அந்தக் காலத்தில், 2002இல், பொட்ஸ்வானா 'மாசா' என்ற பெயரில் அரச செலவிலான சிகிச்சைத் திட்டத்தைத் தொடங்கியது. மாசா என்றால் அவர்களது செத்ஸ்வானா மொழியில் புதிய விடியல். வயதுவந்தோரில் மூவரில் ஒருவருக்கு மேல் தொற்று என்று அன்றைய மதிப்பீடுகள் சொல்லின. ஆனால் கையில் வைர வருமானம் இருந்தது.

இனி எண்களுக்கு வருவோம். 2013க்கும் 2015க்கும் இடையில் அந்நாட்டின் முப்பது ஊர்களில் வீடுவீடாகச் சென்று ஆய்வு செய்தார்கள். மருந்து எடுப்பவர்களில் 96.5 வீதமானோருக்கு வைரஸ் அடங்கியிருந்தது. 2021இன் தேசிய ஆய்வில் அது 97.9 வீதம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, 'இவ்வளவுதானா?' என்றிருந்தது எனக்கு.

பிழை என் பார்வையில்தான். நான் மருந்து எடுப்பவர்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன். தொற்றுள்ள எல்லோரையும் எண்ணினால், முதல் ஆய்வில் வைரஸ் அடங்கியிருந்தவர்கள் நூற்றுக்கு எழுபது பேர். 2021இல் தொண்ணூறைத் தாண்டிவிட்டது. (இரண்டு ஆய்வுகளின் அளவுகோலும் ஒன்றல்ல: முதலாவது ஒரு மில்லிலீற்றருக்கு 400 பிரதிகளை எல்லையாகக் கொண்டது, மற்றையது 1000. ஆனாலும் இந்த இடைவெளியை அதைக்கொண்டு விளக்கிவிட முடியாது.) மருந்து முன்னமே தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. மாறியது, சிகிச்சை நிலையத்துக்கு வந்து சேர்ந்தவர்களின் தொகை. முதல் ஆய்வில் தொற்றுள்ளவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்குத் தனக்கு அது இருப்பதே தெரியாது. ஆண்களும் இளைஞர்களுமே கூடுதலாக வெளியில் நின்றார்கள். தேத்தண்ணிக் கடைப் பேச்சுக்குப் பயந்து இரத்தம் சோதிக்காமல் இருக்கிற ஆட்கள் எங்கேயும் இருப்பார்கள்தானே! மருந்து எடுப்போரின் வீதத்தை மட்டும் காட்டும் அறிக்கைகளில் இவர்கள் தோற்றவர்களாகக்கூட வருவதில்லை, கணக்கிலேயே இல்லை. ஆகவே இப்படியான வீதமொன்றைக் கண்டால், 'எந்த நூற்றுக்கு?' என்றுதான் நான் இப்போது முதலில் கேட்கிறேன்.

2025 ஓகஸ்ட் மாதம் பொட்ஸ்வானாவின் ஜனாதிபதி டூமா போகோ பொதுச் சுகாதார அவசரகால நிலையைப் பிரகடனம் செய்தார். உலகச் சந்தையில் வைரம் விலைபோகவில்லை. அரச மருந்துக் களஞ்சியங்களில் பல மருந்துகளுக்குத் தட்டுப்பாடு. எச்.ஐ.வி. மருந்தை நிறுத்தினால், பதுங்கியிருக்கும் வைரஸ் பெரும்பாலானோருக்குச் சில வாரங்களிலேயே இரத்தத்துக்குத் திரும்பிவிடும்.