மறைந்தவனின் கை

எங்கள் காலத்தில் படக்கதை என்பது கணக்கு நோட்டுக்குள் ஒளித்து வைக்கிற சாமான். மாட்டினால் முதுகு பழுக்கும்.

அதன் மேல் பழி போட்டவர்களில் முதன்மையானவர் ஒரு மனநல மருத்துவர். நியூயார்க்கின் ஹார்லெமில் ஏழைகளுக்கு 25 சென்ட் கட்டணத்தில் வைத்தியம் பார்த்த ஃபிரெட்ரிக் வெர்தாம். நல்ல மனிதர்தான். ஆனால் பிள்ளைகள் கெட்டுப்போகக் காமிக்ஸும் ஒரு காரணம் என்று 1954-இல் புத்தகம் எழுதினார். அமெரிக்க செனட் விசாரித்தது. அக்டோபர் 26 அன்று பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள். அதற்கு எட்டு நாள் முன்புதான் இங்கே புதுச்சேரியின் கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்திருந்தார்கள். பாண்டி விடுபட வாக்களித்த மாதத்தில் காமிக்ஸ் கட்டுண்டது. வெர்தாம் தன் சான்றுகளைத் திரித்திருந்தார் என்பதை, அவர் விட்டுப்போன காகிதங்களைப் படித்து கேரல் டில்லி என்ற ஆய்வாளர் 2012-இல் வெளிக்கொண்டுவந்தார்.

கட்டுண்டது முழுசாக அடங்கிவிடவில்லை. 1972-இல் ஜஸ்டின் கிரீன் என்ற அமெரிக்கர், தன்னை விடாமல் துரத்திய எண்ணங்களைக் கூச்சமில்லாமல் கட்டம் கட்டமாக வரைந்தார். குற்றவாளிக் கூண்டில் நின்ற பொருள் நோயாளியின் வாக்குமூலமாக மாறியது. அதே ஆண்டில் சிவகாசியில் முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யோடு புறப்பட்டது. மின்சாரம் பாய்ந்தால் அவன் உடம்பு மறையும். இரும்புக் கை மட்டும் தெரியும். பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே மறைந்துபோகிற பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பது அன்றைக்கு எங்களுக்குப் புரியவில்லை. ‘ஒரு மாதிரியா இருக்குடா’ என்றவனை ‘மெண்டல்’ என்று சிரித்தோம்.

2023 ஆகஸ்டில் அந்தப் படக்கதை வாத்தியார் மேசைக்கே வந்துவிட்டது. என்.சி.இ.ஆர்.டி.யும் யுனெஸ்கோவும் சேர்ந்து வளரிளம் பருவத்தினருக்காக ஒரு காமிக்ஸ் வெளியிட்டன. அது தழுவிய பள்ளி நலத் திட்டத்தின் 11 தலைப்புகளில் மனநலமும் ஒன்று. புதுச்சேரி அரசுப் பள்ளிகளின் மேல்வகுப்புகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறத் தொடங்கிய கல்வியாண்டும் அதுவே. 2022-இல் லட்சம் பேரில் 29.7 தற்கொலை என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குக் காட்டிய ஊர் இது. நாட்டுச் சராசரி 12.4. இங்குள்ள முத்தியால்பேட்டை வகுப்பறைக்கு இப்படியொரு புத்தகம் வேண்டாமென்று யார் சொல்வார்?

இருந்தாலும் எனக்கொரு மனக்குறை. அச்சிட்டு வருகிற படக்கதையில் எல்லோரும் நல்ல பிள்ளைகளாகவே பேசுகிறார்கள். டெல்லியின் சரத் சர்மா ‘வேர்ல்டு காமிக்ஸ் இந்தியா’ வழியாகப் பரப்பிய சுவர்ப் படக்கதைதான் எனக்குப் பிடித்தது. இரண்டு ஏ4 தாளை ஒட்டி நாலு கட்டம், கதை வரைகிறவருடையது. ஜெராக்ஸ் எடுத்துத் தங்கள் ஊர்ச் சுவரிலேயே ஒட்டுவார்கள். ஓவியம் கோணலாக இருந்தால் பாதகமில்லை.

மனசு சரியில்லை என்று வாய்விட்டுச் சொல்ல முடியாத பையனிடம் பென்சிலைக் கொடுத்தால் வேறு யாரோ ஒருவனை வரைவான். அந்த ஒருவனுக்குத் தூக்கம் வராது, பரீட்சை என்றால் நெஞ்சு படபடக்கும், அப்பா குடித்துவிட்டு வருவார். வகுப்பில் ஒட்டுவதா வேண்டாமா என்பதை அவனே முடிவு செய்யட்டும். நாலாவது கட்டத்தில் என்ன வரைவது என்று திணறினால் டீச்சர் ஓர் எண்ணை எழுதித் தரலாம்: 14416. டெலி மானஸ், காசில்லாத அரசு உதவி எண், ராத்திரியிலும் எடுப்பார்கள். போனைப் பிடித்திருக்கிற கையை மட்டும் அவன் வரைந்தால் போதும்.