ஈவ்லின் என்னும் நாமம்

இங்கிலாந்தில் குடும்பப் பெயராக வழங்கிய ஈவ்லின், பதினேழாம் நூற்றாண்டில் அவ்வம்சத்துப் பெண்மணி ஒருவர் தம் புத்திரனுக்குப் பிறந்தகத்தின் பெயரையே சூட்ட, பின்னாளில் கிங்ஸ்டன் பிரபுவாக உயர்ந்த அந்த ஈவ்லின் பியர்பாண்ட் போன்றோரால் ஆடவர் நாமமாயிற்று. துருக்கியில் அம்மை குத்தும் முறையைக் கண்டு தாயகத்தில் பரப்பிய மேரி மாண்டேகு சீமாட்டி அவருடைய புதல்வியே.

1883-இல் எகிப்தின் சேனையைப் புனரமைத்த ஈவ்லின் வுட்டும், பிரிட்டிஷ் பிரதிநிதியாக வந்து 1907 வரை அந்நாட்டின் ஆட்சியைத் தம் கைக்குள் வைத்திருந்த ஈவ்லின் பேரிங்கும் ஏககாலத்தில் அங்கிருந்தனர். அதற்குள் அந்நாமம் பெண்களையும் சேர்ந்துவிட்டது.

இவர்களுள் என் மனத்தைப் பெரிதும் கவர்பவர், 1855-இல் மேரி ஈவ்லின் பிக்கரிங் எனப் பிறந்து, சித்திரக்கலை ஸ்திரீகளுக்குத் தொழிலாகாது என்றிருந்த காலத்தில் ஸ்லேட் கலாசாலையில் பயின்று, முதற்பெயரை விடுத்து இருபாலார்க்கும் பொதுவான ஈவ்லின் என்ற பெயரிலேயே கீர்த்தியுற்ற ஓவியர். 1887-இல் மட்பாண்டக் கலைஞர் வில்லியம் டி மார்கனை மணந்து, தம் சித்திரங்கள் ஈட்டிய திரவியத்தால் கணவரின் தொழிலையும் தாங்கிய உத்தமி. அவருடைய மாமனார், கணித மேதை அகஸ்டஸ் டி மார்கன், நம் மதுரையில் 1806-இல் பிறந்தவர் என்பது நமக்கு உவகையளிக்கும் செய்தி.

நாவலாசிரியர் ஈவ்லின் வா 1928-இல் மணந்த மங்கையும் ஈவ்லினே. அவ்வாண்டு அவர் ரோசெட்டியைப் பற்றி எழுதிய நூலுக்கு மதிப்புரை வரைந்த லண்டன் பத்திரிகை அவரைச் செல்வி வா என்றே குறிப்பிட, அவர் மறுப்புக் கடிதம் எழுத நேர்ந்தது.