பாரிஸில் ஒரு பகல்!

புதுசாகக் கல்யாணமான ஜோடி, பக்கத்து ஊரைச் சுற்றிப் பார்க்க எத்தனை நாள் காத்திருக்கும்? ஒரு வாரம்... மிஞ்சிப்போனால் ஒரு மாசம்? பிரான்ஸ் இளவரசர் லூயியும் அவருடைய மனைவி மேரி அன்டாய்னெட்டும் மூன்று வருஷம் காத்திருந்தார்கள்! இத்தனைக்கும் அவர்கள் வசித்த வெர்சேல்ஸ் அரண்மனையிலிருந்து பாரிஸ் வெறும் இருபது கிலோமீட்டர்தான்.

கல்யாணம் நடந்தது 1770, மே 16-ல். மாப்பிள்ளைக்கு 15 வயசு, பெண்ணுக்கு 14! கல்யாணத்தைக் கொண்டாட மே 30-ம் தேதி பாரிஸில் வாணவேடிக்கை. இடம், பதினைந்தாம் லூயி சதுக்கம். கூட்ட நெரிசலில் 132 பேர் மிதிபட்டுச் செத்தார்கள். வேடிக்கை பார்க்க வந்துகொண்டிருந்த மணப்பெண், சேதி கேட்டு பாதி வழியிலேயே திரும்பிப்போனார். இளவரசர் தன் கைச்செலவுப் பணத்தை, இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அனுப்பிவைத்தார். அந்தச் சதுக்கத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்!

அதன்பிறகு பாரிஸுக்கு முறைப்படி போகவேண்டுமென்றால் ராஜாவின் அனுமதி வேண்டும். ராஜா யார்? இளவரசரின் தாத்தா பதினைந்தாம் லூயி. பாரிஸ் மக்களுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. அவரும் அந்தப் பக்கம் தலைகாட்டுவதைத் தவிர்த்தார். ஒருவழியாக அனுமதி கிடைத்து, 1773, ஜூன் 8-ம் தேதி ஜோடி கிளம்பியது.

ஊரே ரோட்டுக்கு வந்துவிட்டது! பீரங்கிகள் முழங்க, நகரின் சாவியை நீட்டி வரவேற்றார் கவர்னர் பிரிசாக். நோத்ர தாம் தேவாலயத்தில் பிரார்த்தனை. பிறகு டுய்லரி அரண்மனையில் மத்தியானச் சாப்பாடு. சாப்பிட்டுவிட்டு ‘சும்மா காலாற நடக்கலாமே’ என்று தோட்டத்தில் இறங்கினார்கள். அவ்வளவுதான்... முக்கால் மணி நேரம் முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. அப்படியொரு கூட்டம்! ‘யாரையும் அடிக்கக் கூடாது’ என்று காவலர்களுக்கு இருவரும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். மேல்மாடத்தில் நின்று இளவரசி திகைத்துப்போய்ப் பார்க்க, ‘இங்கே இரண்டு லட்சம் பேர் உங்கள்மீது காதல்கொண்டு நிற்கிறார்கள். இளவரசர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்’ என்கிற அர்த்தத்தில் குறும்பாகச் சொன்னாராம் கிழவர் பிரிசாக்.

ஆறு நாள் கழித்து, வியன்னாவிலிருந்த தன் அம்மா, பேரரசி மரியா தெரசாவுக்கு மேரி ஒரு கடிதம் எழுதினார். வரிச்சுமையில் நசுங்கிக்கொண்டிருந்தும், அந்த ஏழை ஜனங்கள் எங்களைப் பார்த்து அப்படிச் சந்தோஷப்பட்டார்கள்... இவ்வளவு சுலபமாக ஒரு தேசத்தின் அன்பு கிடைப்பது எங்கள் அதிர்ஷ்டம்... இதை மறக்கவே மாட்டேன் என்றது கடிதம்.

கவனித்தீர்களா? ஜனங்களின் வரிச்சுமை 17 வயசிலேயே அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது!

மறுவருஷமே தாத்தா அம்மை கண்டு இறக்க, இருவரும் ராஜா, ராணி ஆனார்கள். அப்போது டர்கோ என்றொரு நிதி மந்திரி இருந்தார். ‘விவசாயி மட்டும் ஏன் சுமக்கவேண்டும்? ரோடு போடும் செலவுக்கு நிலம் வைத்திருக்கும் பிரபுக்களும் வரி கட்டட்டும்’ என்று கிளம்பினார் மனுஷர். பிரபுக்கள் கொதித்தார்கள். 1776-ல் டர்கோ பதவி காலி! அவரைத் துரத்தத் துடித்தவர்களில் ஒருவர்... சாட்சாத் மேரி அன்டாய்னெட்!

அதற்காக, நாடு திவாலானதற்கு ராணியின் பட்டுப் பாவாடைகளும் வைரங்களும்தான் காரணம் என்று சொன்னால் அது அபாண்டம். 1788-ம் வருஷக் கணக்குப்படி, அரண்மனைச் செலவு அரசாங்கச் செலவில் சுமார் 6 சதவிகிதம்தான். சுமார் பாதியை விழுங்கியது, போர்களுக்காக வாங்கிய கடன்! ஆனால், ரொட்டி விலை ஏறும்போது ஜனங்கள் கணக்கு நோட்டையா புரட்டுவார்கள்? ராணிக்கு ‘மேடம் பற்றாக்குறை’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள்.

1789, அக்டோபரில் பாரிஸின் சந்தைக்காரப் பெண்கள் ரொட்டி கேட்டு வெர்சேல்ஸுக்கே நடந்து போனார்கள். ராஜா குடும்பத்தைக் கையோடு பாரிஸுக்கு அழைத்து வந்து, அதே டுய்லரி அரண்மனையில் குடிவைத்தார்கள். கிட்டத்தட்டச் சிறை!

1792, ஆகஸ்ட் 10. புரட்சிக்காரர்கள் அரண்மனையைத் தாக்க, ராஜாவும் ராணியும் குழந்தைகளோடு அதே தோட்டத்தின் வழியாக நடந்து போய் சட்டசபையில் தஞ்சம் கேட்டார்கள். வழியெல்லாம் சருகுகள். குட்டி இளவரசன் அதைக் காலால் உதைத்து விளையாடியபடியே வந்தான். ‘இந்த வருஷம் இலைகள் சீக்கிரமே உதிர்ந்துவிட்டன’ என்றாராம் லூயி. பாவம்!

தோட்டத்தின் மேற்கு வாசலுக்கு வெளியே ஒரு சதுக்கம். ஞாபகம் வருகிறதா? பெயரை மட்டும் ‘புரட்சி சதுக்கம்’ என்று மாற்றியிருந்தார்கள். 1793, ஜனவரி 21-ல் லூயியின் தலை அங்கேதான் வெட்டப்பட்டது. அக்டோபர் 16-ல், கைகள் பின்னால் கட்டப்பட்டு, திறந்த வண்டியில் மேரி அங்கே வந்து சேர்ந்தார். வயசு 37. வழி நெடுக அன்றைக்கும் கூட்டத்துக்குக் குறைவில்லை!

டுய்லரி அரண்மனை 1871 கலவரத்தில் எரிந்துபோனது. தோட்டம் மட்டும் இருக்கிறது. ஊர் சுற்ற வரும் ஜோடிகள் இன்றைக்கும் அங்கே காலாற நடக்கிறார்கள். அனுமதி இலவசம்!