சைக்ளிக் ஏ.எம்.பி.

அட்ரினலின், குளுக்ககான் போன்ற ஹார்மோன்கள் செல்லுக்குள் நுழைவதில்லை. சவ்வின் வெளிப்புறத்தில் ஒட்டிக்கொள்வதோடு அவற்றின் வேலை முடிந்துவிடுகிறது. அவை கொண்டுவந்த சேதியை உள்ளே எடுத்துச்செல்லும் சிறு மூலக்கூறுகளுக்கு ‘இரண்டாம் தூதுவர்’ என்று பெயர். அந்த வகையில் முதலில் கண்டறியப்பட்டது சைக்ளிக் அடினோசின் மோனோபாஸ்பேட், சுருக்கமாக சைக்ளிக் ஏ.எம்.பி. செல்லின் எரிபொருளான ஏ.டி.பி.யிலிருந்து இரண்டு பாஸ்பேட்டுகளைக் கழித்து, எஞ்சிய ஒன்றை வளையமாக வளைத்துக் கட்டினால் இது கிடைக்கும். 1950களின் பிற்பாதியில் அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் ஏர்ல் சதர்லேண்ட், தியடோர் ரால் இருவரும் இதைக் கண்டுபிடித்தனர். இதன் வரலாற்றில் ஒரு விசித்திரம் உண்டு. முக்கியமான திருப்பங்கள் பலவற்றில் விடை ஒளிந்திருந்தது வேண்டாத பொருளில்தான்: வடிதாளில் ஒட்டியிருந்த கால்சியம், கொதித்துத் திரிந்த சாறு, கடைச்சரக்கில் இருந்த கலப்படம்.

முன்கதை

கல்லீரல் சர்க்கரையைக் கிளைக்கோஜனாகச் சேமித்து வைக்கிறது என்பதை 1850களில் பிரான்சின் குளோட் பெர்னார்ட் காட்டினார். அட்ரினல் சுரப்பியின் சாறு இரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது என்பது 1890களில் தெரியவந்தது. 1901 வாக்கில் ஜோகிச்சி தகாமினே அட்ரினலினைத் தூய படிகமாக்கினார். பயமோ கோபமோ வந்தால் அட்ரினலின் சுரக்கிறது, கிளைக்கோஜன் உடைந்து இரத்தத்தில் குளுக்கோஸ் ஏறுகிறது. இது இரண்டு முனைகளும் தெரிந்த கதை. நடுவில் என்ன நடக்கிறது என்பதற்கு அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

நடுவில் ஏதோ ஒன்று இருந்தாக வேண்டும் என்பதை முதலில் தெளிவாக வாதிட்டவர் கேம்பிரிட்ஜின் ஜான் நியூபோர்ட் லாங்லி. 1905இல் அவர் கோழியின் தசையில் நிக்கோடினை வைத்தார். தசை சுருங்கியது. அதற்கு வரும் நரம்பை முன்பே வெட்டிச் சிதைய விட்டிருந்தாலும் சுருங்கியது. குராரே என்னும் அம்பு நஞ்சைக் கொடுத்தபின் நிக்கோடின் வேலை செய்யவில்லை. ஆனால் தசைக்கே நேராக மின்சாரம் கொடுத்தால் அது அப்போதும் சுருங்கியது. ஆக நிக்கோடினும் குராரேயும் போட்டியிடும் இடம் நரம்பும் அல்ல, சுருங்கும் இழையும் அல்ல. தசைச் செல்லில் மருந்தை ஏற்கும் தனிப்பொருள் ஒன்று இருக்கிறது என்று லாங்லி முடிவு செய்தார். இன்று நாம் ஏற்பி என்று சொல்வது அதைத்தான். அந்தப் பொருளைக் கையில் பிடித்துக் காட்ட அடுத்த பல பத்தாண்டுகளில் யாராலும் முடியவில்லை. அதனால் மருந்தியலாளர்களில் பலரே அதை ஒரு வசதியான கற்பனை என்றுதான் கருதிவந்தனர்.

வடிதாள் செய்த உதவி

செயின்ட் லூயிஸின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கார்ல் கோரி, கெர்ட்டி கோரி தம்பதியர் கிளைக்கோஜனை உடைக்கும் பாஸ்பாரிலேஸ் நொதியைப் பிரித்தெடுத்தனர். 1947இல் நோபல் பரிசு பெற்றனர். அந்த நொதிக்குச் செயல்படும் ‘ஏ’ வடிவம், செயலற்ற ‘பி’ வடிவம் என இரண்டு உண்டு. ஒன்று எப்படி மற்றதாகிறது என்பது மட்டும் பிடிபடவில்லை.

சியாட்டிலில் எட்வின் கிரெப்ஸ், எட்மண்ட் ஃபிஷர் இருவரும் இந்த வேலையை எடுத்துக்கொண்டபோது, தசைச் சாற்றை வடிதாளில் வடிப்பதற்குப் பதிலாக மையவிலக்கியில் சுழற்றித் தெளியவைத்தனர். கிடைத்ததெல்லாம் செயலற்ற வடிவம். கோரி ஆய்வகத்தின் பழைய முறைக்குத் திரும்பி வடிதாளில் வடித்தால் செயல்படும் வடிவம் வந்தது. தாளைத் துருவிப் பார்த்ததில், அதில் ஒட்டியிருந்த கால்சியம் சாற்றில் கரைந்து, அங்கிருந்த வேறொரு நொதியைக் கிளப்பிவிட்டது தெரிந்தது. அந்த நொதி ஏ.டி.பி.யிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து பாஸ்பாரிலேஸின் மேல் ஒட்டுகிறது. ஒட்டினால் நொதி விழிக்கும், பிய்த்தால் தூங்கும். 1955இல் வெளியான இந்தக் கண்டுபிடிப்பு ஒரு நொதியோடு நிற்கவில்லை. புரதங்களை முடுக்கவும் நிறுத்தவும் செல் கையாளும் பொதுவழியே இதுதான் என்பது பின்னர் தெளிவானது. நோபல் குழு இதை உணர்ந்து பரிசளிக்க 1992 ஆயிற்று.

உடைத்த செல்லில் ஒரு ஹார்மோன்

கோரி ஆய்வகத்தில் பயின்ற சதர்லேண்ட் 1953இல் கிளீவ்லேண்டுக்குப் போனார். ஹார்மோன் வேலை செய்ய உயிருள்ள முழுச் செல் வேண்டும், செல்லை அரைத்துவிட்டால் எல்லாம் போய்விடும் என்பது அன்றைய பொதுக்கருத்து. சதர்லேண்டும் ராலும் கல்லீரலை அரைத்து, அந்தச் சாற்றிலேயே அட்ரினலினையும் குளுக்ககானையும் சேர்த்துப் பார்த்தனர். பாஸ்பாரிலேஸ் விழித்தது. அது ஒன்றே அந்தத் துறைக்குப் பெரிய செய்தி.

பிறகு சாற்றைச் சுழற்றி, அடியில் தங்கிய வண்டலை நீக்கிவிட்டு, மேல் தெளிவில் மட்டும் ஹார்மோனைச் சேர்த்தனர். ஒன்றும் நடக்கவில்லை. பாஸ்பாரிலேஸ் இருப்பதோ அந்தத் தெளிவில்தான். அப்படியானால் ஹார்மோன் பேசுவது வண்டலோடு. அந்த வண்டல் உடைந்த செல்களின் சவ்வுத் துணுக்குகள். அடுத்து அவர்கள் செய்ததுதான் உயிர்வேதியியலின் அழகான சோதனைகளில் ஒன்று என்பேன். வண்டலோடு ஹார்மோனையும் ஏ.டி.பி.யையும் சேர்த்து வைத்துவிட்டு, அதைக் கொதிக்கவைத்தனர். புரதங்களெல்லாம் வெந்து திரிந்துவிட்டன. அந்தக் கொதித்த நீரை எடுத்துத் தெளிவில் ஊற்றியதும் பாஸ்பாரிலேஸ் விழித்துக்கொண்டது. ஹார்மோன் சவ்வைத் தொட்டதும் அங்கே ஏதோ ஒரு சிறு பொருள் உண்டாகிறது. அது சூட்டுக்கு அஞ்சாதது. அதுவே சேதியை எடுத்துச்செல்கிறது.

பொருள் கையில் வந்துவிட்டது, பெயர்தான் தெரியவில்லை. அதே சமயம் செயின்ட் லூயிஸில் டேவிட் லிப்கின் என்ற வேதியியலாளர் ஏ.டி.பி.யை பேரியம் ஹைட்ராக்சைடோடு வினைபுரியவைத்து ஒரு புதுப்பொருளைப் பெற்றிருந்தார். இரு தரப்பும் தனித்தனியே, ஒருவரை ஒருவர் அறியாமல், பெதஸ்தாவில் இருந்த லியோன் ஹெப்பல் என்ற உயிர்வேதியியலாளருக்குக் கடிதம் எழுதின. இரண்டையும் படித்த ஹெப்பலுக்கு இரு கடிதங்களும் ஒரே பொருளைத்தான் பேசுகின்றன என்று பட்டது, இருவரையும் இணைத்துவிட்டார். கல்லீரலில் உண்டான பொருள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்பது 1958இல் அச்சேறியது. அதைச் செய்யும் சவ்வு நொதிக்கு அடினைலைல் சைக்ளேஸ் என்று பெயர் நிலைத்தது.

மூலப்பொருளான ஏ.டி.பி.யின் கதையில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவும் ஹார்வர்டின் சைரஸ் ஃபிஸ்கேவும் 1929இல் அதைத் தசையிலிருந்து பிரித்தனர். அதே ஆண்டில் ஜெர்மனியின் கார்ல் லோமனும் தனியாகக் கண்டறிந்தார். பாஸ்பேட்டை அளக்க ஃபிஸ்கேவும் சுப்பாராவும் 1925இல் வகுத்த முறையை உயிர்வேதியியல் மாணவர்கள் இன்றும் செய்முறை வகுப்பில் செய்கிறார்கள்.

சேதி போய்ச் சேர்ந்தபின் அழிந்தாகவும் வேண்டும். சைக்ளிக் ஏ.எம்.பி.யின் வளையத்தை அறுத்து அதைச் செயலிழக்கச் செய்யும் பாஸ்போடைஎஸ்ட்டரேஸ் நொதியையும் சதர்லேண்டின் குழுவே கண்டது. காஃபின் அந்த நொதியைத் தடுக்கிறது. அதனால் காபி குடித்தால் வரும் சுறுசுறுப்புக்கு சைக்ளிக் ஏ.எம்.பி. சேர்வதே காரணம் என்று பாடப்புத்தகங்கள் நெடுநாள் எழுதின. ஒரு டம்ளர் காபியில் இருக்கும் அளவு அதற்குப் போதாது. அந்த அளவில் காஃபின் செய்வது மூளையில் அடினோசின் ஏற்பிகளை அடைத்துக்கொள்வதுதான்.

1965இல் குடல் பாக்டீரியாவான ஈ. கோலையிலும் சைக்ளிக் ஏ.எம்.பி. கண்டுபிடிக்கப்பட்டது. ஹார்மோனே இல்லாத அந்த உயிரில் அது குளுக்கோஸ் தீர்ந்துபோனதற்கான அடையாளம். உணவு தீர்ந்த ஒருவகை அமீபாக்கள் இதே பொருளை வெளியே விட்டு ஒன்றையொன்று கூட்டிச் சேர்க்கின்றன என்பது 1967இல் தெரிந்தது. பாலூட்டியின் உடலில் ஹார்மோனுக்கு ஏவலாளாக இருக்கும் மூலக்கூறு, அதைவிட மிகப் பழைய வேலைக்காரன். 1968இல் கிரெப்ஸின் ஆய்வகம், சைக்ளிக் ஏ.எம்.பி. நேரடியாக முடுக்கும் நொதியைக் கண்டது. புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டும் அந்தப் புரத கைனேஸ்-ஏ வழியாக சியாட்டில் கதையும் கிளீவ்லேண்ட் கதையும் ஒன்றாகின. 1971இல் சதர்லேண்டுக்குத் தனியாக நோபல் பரிசு கிடைத்தது.

கலப்படமும் ஜி-புரதமும்

ஏற்பியும் சைக்ளேஸும் ஒரே மூலக்கூறின் இரு முகங்களா, வேறுவேறா? மார்ட்டின் ராட்பெல் பெதஸ்தாவில் எலியின் கல்லீரல் சவ்வுகளை வைத்து இதைத் துருவினார். சவ்வில் ஒட்டிய குளுக்ககான் ஏ.டி.பி. சேர்த்ததும் கழன்றுவந்தது. ஆனால் அதற்கு வேண்டிய அளவு நியாயமில்லாமல் அதிகமாக இருந்தது. விலைக்கு வாங்கிய ஏ.டி.பி.யில் ஜி.டி.பி. என்ற உறவுக்காரப் பொருள் சிறிது கலந்திருந்ததே காரணம் என்று அவர் கண்டார். தூய ஜி.டி.பி. மிகச் சிறிய அளவிலேயே அந்த வேலையைச் செய்தது. சைக்ளேஸ் முடுக்கம் பெறவும் அது வேண்டும் என்பது தெரிந்தது. ஏற்பிக்கும் சைக்ளேஸுக்கும் இடையே ஜி.டி.பி.யைப் பிடிக்கும் மூன்றாவது ஆள் ஒன்று நிற்கிறது என்று ராட்பெல் 1971 வாக்கில் சொன்னார்.

அந்த மூன்றாவது ஆளைப் பிடித்தது வர்ஜீனியாவில் ஆல்ஃபிரட் கில்மன். எஸ்49 என்னும் எலிப் புற்றுச்செல்கள் சைக்ளிக் ஏ.எம்.பி. மிகுந்தால் செத்துப்போகும். சாகாமல் தப்பிய ஒரு மாற்றுவகையைச் சான் பிரான்சிஸ்கோ ஆய்வாளர்கள் பிரித்து வைத்திருந்தனர். அதில் சைக்ளேஸே இல்லை என்று எல்லோரும் நினைத்தனர். கில்மனும் எலியட் ராஸும் சாதாரணச் செல்லின் சவ்வுச் சாற்றைச் சூடாக்கி, அதிலிருந்த சைக்ளேஸைச் சாகடித்துவிட்டு, அதை மாற்றுவகையின் சவ்வில் சேர்த்தனர். செயல் திரும்பிவிட்டது. மாற்றுவகையில் சைக்ளேஸ் இருந்தது, இல்லாமல் போனது நடுவில் நிற்கும் புரதம்தான். 1980இல் அதை முயல் கல்லீரலிலிருந்து தூய்மைப்படுத்தினர். அதுவே ஜி-புரதம். ஏற்பி அதைத் தட்டினால் அது பிடித்திருந்த ஜி.டி.பி.யின் பழைய மிச்சத்தை விட்டுப் புது ஜி.டி.பி.யைப் பிடிக்கிறது, சைக்ளேஸை முடுக்குகிறது, சற்று நேரத்தில் தானே ஜி.டி.பி.யை உடைத்து அடங்கிவிடுகிறது. 1994இல் ராட்பெலும் கில்மனும் நோபலைப் பகிர்ந்துகொண்டனர்.

காலரா

ஜி-புரதத்தை அப்படி அடங்க விடாமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு வங்காளம் பல தலைமுறைகளாக விலை கொடுத்துவந்தது. கல்கத்தாவின் சம்பு நாத் தே, முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரு முனையிலும் நூலால் கட்டி, நடுவில் காலராக் கிருமி வளர்ப்பைச் செலுத்தினார். துண்டு நீர் கோத்து வீங்கியது. 1959இல் கிருமிகளை வடிகட்டி நீக்கிய வெறும் வளர்ப்பு நீரே அதைச் செய்கிறது என்று நேச்சர் இதழில் எழுதினார். கொல்வது கிருமி சுரக்கும் நச்சுப் புரதம் என்பது இதனால் உறுதியானது. ஜோஷுவா லெடர்பெர்க் நோபலுக்குப் பரிந்துரைத்தும் தேவுக்கு அது கிடைக்கவில்லை. இந்திய அறிவியலுலகம்கூட அவர் உயிரோடிருந்தவரை அவரை உரிய அளவில் கொண்டாடவில்லை.

1970களில் படம் முழுமையானது. அந்த நச்சு ஜி-புரதத்தின் மேல் ஒரு வேதித்தொகுதியை ஒட்டி, ஜி.டி.பி.யை உடைக்கும் திறனைப் பறித்துவிடுகிறது. முடுக்கம் நிற்பதே இல்லை. குடல் செல்லில் சைக்ளிக் ஏ.எம்.பி. குவிந்து, குளோரைடு வாயில்கள் திறந்து, உப்பும் தண்ணீரும் வெளியே கொட்டுகின்றன. கடுமையான நோயாளி மணிக்கு ஒரு லிட்டர் வரை இழக்கலாம். குளுக்கோஸோடு சோடியத்தை உள்ளிழுக்கும் வேறொரு வாயில் மட்டும் கெடாமல் இருக்கிறது. உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் காலராவில் உயிர் காப்பது அந்த வாயில் வழியாகத்தான்.

ஏற்பியின் உருவம்

1948இல் ரேமண்ட் அல்குவிஸ்ட் அட்ரினலினுக்கு ஆல்ஃபா, பீட்டா என இருவகை ஏற்பிகள் உண்டு என்று வாதிட்டார். அதை நம்பி ஜேம்ஸ் பிளாக் 1960களில் பீட்டா ஏற்பியை அடைக்கும் புரோப்ரனலோலைச் செய்தார். ஆஸ்துமாக்காரர் இழுக்கும் சால்பியூட்டமால் இதற்கு நேரெதிர்: மூச்சுக்குழாய்த் தசையில் பீட்டா-2 ஏற்பியைத் தட்டி, சைக்ளிக் ஏ.எம்.பி.யை ஏற்றி, தசையைத் தளர்த்துகிறது. 1986இல் ராபர்ட் லெஃப்கோவிட்ஸின் குழு பீட்டா-2 ஏற்பியின் மரபணுவைப் படித்தபோது, அது கண்ணில் ஒளியை உணரும் ரோடாப்சினை ஒத்திருந்தது. இரண்டுமே சவ்வை ஏழுமுறை ஊடுருவி நெளிகின்றன. இத்தகைய ஏற்பிகள் மனிதரில் சுமார் 800. இன்று புழங்கும் மருந்துகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று இவற்றைக் குறிவைக்கிறது. லெஃப்கோவிட்ஸிடம் பயின்ற பிரையன் கோபில்கா 2011இல், ஏற்பி ஜி-புரதத்தைத் தட்டும் அந்தக் கணத்தையே படிக அமைப்பாக வெளியிட்டார். நிலையாமல் ஆடும் அந்தக் கூட்டை அசையாமல் பிடிக்க லாமா என்னும் ஒட்டக இன விலங்கின் சிறு எதிர்ப்புரதம் உதவியது. 2012இல் இருவருக்கும் நோபல்.

சேலத்துக் கிழங்கும் இன்றைய கேள்வியும்

ஏற்பியையும் ஜி-புரதத்தையும் கடந்து, சைக்ளேஸை நேரடியாக முடுக்கும் பொருள் ஒன்று ஆய்வகங்களுக்கு 1981இல் கிடைத்தது. கென்னத் சீமன், ஜான் டேலி ஆகியோர் அவ்வாண்டு விவரித்த அந்த ஃபோர்ஸ்கொலின், மருந்துக் கூர்க்கன் செடியின் கிழங்கில் இருப்பது; சேலம் வட்டாரத்தில் உழவர்கள் ஒப்பந்தமுறையில் பயிரிடுவது. இன்று கிழங்குக்கு விலை கொடுப்பது பெரும்பாலும் எடைக்குறைப்பு மாத்திரை வியாபாரம். அதற்கான சான்று மெலிந்தது. ஆய்வகத்தில் அதன் மதிப்பில் சந்தேகமில்லை.

ஆனால் ஃபோர்ஸ்கொலின் ஊற்றிய செல்லில் சைக்ளிக் ஏ.எம்.பி. எங்கும் ஒரே சமயத்தில் ஏறுகிறது. ஹார்மோன் பட்ட செல்லில் அப்படி ஏறுவதில்லை. இதயச் செல்லில் இரு வேறு ஹார்மோன்கள் சைக்ளிக் ஏ.எம்.பி.யை ஏற்றினாலும் ஒன்றுதான் துடிப்பை வலுப்படுத்துகிறது என்பது 1980 வாக்கிலேயே கவனிக்கப்பட்டது. ஒரே தூதுவர் ஒரே செல்லில் வேறுவேறு விளைவைத் தருவது எப்படி என்பதே இன்றைய கேள்வி. சேதி பரவும் இடத்தைச் செல் பாத்திகட்டி வைத்திருக்கிறது. நங்கூரப் புரதங்கள் கைனேஸைக் குறிப்பிட்ட இடத்தில் கட்டிவைக்கின்றன. பாத்தியின் வரப்பில் நிற்கும் பாஸ்போடைஎஸ்ட்டரேஸ்கள் கசிவதை அங்கேயே அறுத்துவிடுகின்றன. அந்த நொதிகளில் 11 குடும்பங்கள் உள்ளன. நான்காம் குடும்பத்தை மட்டும் தடுக்கும் ரோஃப்ளூமிலாஸ்ட் நாட்பட்ட நுரையீரல் அடைப்புக்கும், அப்ரெமிலாஸ்ட் சொரியாசிஸுக்கும் இப்போது மருந்தாக உள்ளன.