பழைய டயர் சேஞ்சரை வீட்டு ஷெட்டுக்குக் கொண்டு வர்றீங்களா... வாங்கறதுக்கு முன்னாடி, கை வைக்கறதுக்கு முன்னாடி கவனிக்க வேண்டியவை!

டயர் கடைகள் புது மெஷினுக்கு மாறும்போது, பழைய டயர் சேஞ்சர்கள் செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்டுக்கு வந்துவிடும். வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட், கையில் கொஞ்சம் மெக்கானிக் வேலை தெரியும் என்பவர்களுக்கு இது ஆசையைக் கிளப்பும் சமாசாரம்தான். ஆனால், பல மாடல்களில் 2 டன்னுக்கும் மேல் அழுத்தம் கொடுக்கும் மெஷின் இது. சரியாகப் பயன்படுத்தினால் பல வருஷம் உழைக்கும். அவசரப்பட்டால், போவது டயரோ ரிம்மோ மட்டுமல்ல, விரலும்தான்.

மெஷின் என்ன செய்யுது?

டயரின் உள்விளிம்பில் இரும்புக் கம்பி வைத்துத் தைத்ததுபோல ஒரு தடிமனான வளையம் இருக்கும். அதுதான் பீட். இந்த பீட்தான் ரிம்மைக் கவ்விப் பிடித்து, டியூப்லெஸ் டயரில் காற்று வெளியேறாமல் பார்த்துக்கொள்கிறது.

மெஷினுக்கு மூன்று வேலைகள். பக்கவாட்டில் இருக்கும் பீட் பிரேக்கர், ரிம்மோடு ஒட்டிக்கிடக்கும் பீட்டைத் தள்ளிப் பிரிக்கும். மேலே இருக்கும் டர்ன்டேபிள், ரிம்மைக் கிளாம்ப் போட்டுப் பிடித்துச் சுற்றும். அதன் மேல் வந்து நிற்கும் வாத்து மூக்கு போன்ற ஹெட், பீட்டை ரிம்முக்கு மேலே ஏற்றிவிடும். பெரும்பாலான மெஷின்களில் இந்த வேலைகளுக்குக் கீழே மூன்று பெடல்கள் இருக்கும்.

வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

பெயின்ட்டைப் பார்த்து ஏமாற வேண்டாம். காற்றும் கரன்ட்டும் கொடுத்து, ஒரு டயரையாவது கழற்றி மாட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

* காற்றுக் கசிவு: பெடலைத் தொடாமல் சும்மா இருக்கும்போது 'உஸ்' சத்தம் வந்தால், சீலோ வால்வோ போயிருக்கிறது. சோப்புத் தண்ணீர் தடவினால் எங்கே என்று தெரிந்துவிடும்.
* கிளாம்ப்: நான்கும் ஒரே நேரத்தில் நகர வேண்டும். பல் தேய்ந்திருந்தால் ரிம் வழுக்கும்.
* ஹெட்: லாக் செய்த பிறகு ஆடக் கூடாது. முனை உடைந்திருந்தால் பீட்டைக் கிழித்துவிடும்.
* கியர்பாக்ஸ்: டயர் மாட்டிய நிலையில் இரண்டு பக்கமும் சுற்ற வேண்டும். கரகர சத்தம், ஆயில் கசிவு இருந்தால் யோசியுங்கள்.
* சைஸ்: ஆல்ட்டோ 800-க்கு 12 இன்ச் ரிம், கிரெட்டாவுக்கு 16, 17 இன்ச். உங்களிடம் வரப்போகும் வண்டிகளின் ரிம்மை அந்த மெஷின் பிடிக்குமா என்று பாருங்கள். பைக் வீலுக்குத் தனி அடாப்டர் வேண்டும்.
* உதிரி பாகம்: ஹெட்டின் பிளாஸ்டிக் கவர், சீல் கிட் இதெல்லாம் இன்னும் கிடைக்கிறதா என்று மாடல் நம்பரை வைத்து விசாரித்துவிடுங்கள்.

கரன்ட்டும் காற்றும்

கடையில் ஓடிய மெஷின் என்றால், த்ரீ பேஸ் மோட்டாராக இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டில் சிங்கிள் பேஸ் மட்டும் இருந்தால், மோட்டாரை மாற்றும் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். எர்த் இல்லாமல் ஓட்டவே கூடாது.

அடுத்தது கம்ப்ரஸர். இந்த மெஷின்களுக்குப் பெரும்பாலும் 8 முதல் 10 பார் வரை காற்றழுத்தம் தேவை. 8 பார் என்பது சுமார் 116 பி.எஸ்.ஐ. கார் சிகரெட் லைட்டரில் சொருகும் குட்டி பம்ப்பெல்லாம் இதற்கு ஆகாது. டேங்க்கில் தேங்கும் தண்ணீரை அடிக்கடி வடித்துவிடுங்கள். அந்தத் தண்ணீர்தான் பழைய மெஷினின் சிலிண்டரைத் துருப்பிடிக்க வைக்கும். மெஷினைத் தரையில் போல்ட் போட்டு இறுக்குவதும் முக்கியம்.

கழற்றுவது எப்படி?

1. வால்வு ஊசியைக் கழற்றி காற்று முழுவதையும் வெளியேற்றுங்கள். ரிம்மில் ஒட்டியிருக்கும் பேலன்ஸ் வெயிட்டுகளையும் எடுத்துவிடுங்கள்.
2. பீட் பிரேக்கரின் பிளேடு, ரிம் மேல் படாமல் டயர் மேல் மட்டும் அழுத்த வேண்டும். வால்வுக்கு நேராக வைக்க வேண்டாம். டயர் பிரஷர் சென்சார் உள்ள வண்டி என்றால், சென்சார் பெரும்பாலும் வால்வோடு சேர்ந்தேதான் இருக்கும். ஒரே அழுத்தில் நொறுங்கிவிடும்.
3. ரிம்மைக் கிளாம்ப் செய்து, ஹெட்டை இறக்கி லாக் செய்யுங்கள். ஹெட்டுக்கும் ரிம்முக்கும் இடையே 2 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். வால்வு, ஹெட்டுக்கு வலது பக்கம் சுமார் 10 செ.மீ தள்ளி இருக்கட்டும்.
4. பீட்டில் டயர் பேஸ்ட் தாராளமாகத் தடவி, லிவரால் பீட்டை ஹெட் மேல் தூக்கி, டர்ன்டேபிளை மெதுவாகச் சுற்றுங்கள். கிரீஸ், இன்ஜின் ஆயில் வேண்டாம். அது ரப்பரைக் கெடுக்கும்.

ரகசியம் அந்தப் பள்ளத்துலதான் இருக்கு

ரிம்மின் நடுப்பகுதி பள்ளமாக இருக்கும். பீட் கம்பி இழுபடாது. அப்படியென்றால் டயர் எப்படி வெளியே வருகிறது? ஒரு பக்கம் பீட்டை அந்தப் பள்ளத்துக்குள் தள்ளினால், எதிர்ப்பக்கம் இடம் கிடைக்கும். அந்த இடத்தில்தான் பீட் ரிம்மைத் தாண்டி வருகிறது. மெஷின் திணறினால் பலத்தைக் கூட்டாதீர்கள். பெடலை விட்டுவிட்டு, ஹெட்டுக்கு எதிர்ப்பக்கம் பீட் பள்ளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கிழியும் டயர்களில் பலவும் இதைக் கவனிக்காமல் சுற்றியதால் கிழிந்தவைதான். மாட்டும்போதும் இதே கணக்குதான்.

காற்று அடிக்கும்போதுதான் ஆபத்து

மாட்டி முடித்துக் காற்று ஏற்றினால் 'டக்... டக்' என்று இரண்டு சத்தம் கேட்கும். இரண்டு பீட்டும் உட்கார்ந்துவிட்டன என்று அர்த்தம். 40 பி.எஸ்.ஐ வரை வந்தும் உட்காரவில்லையா? நிறுத்துங்கள். காற்றை இறக்கி, பேஸ்ட் தடவி மறுபடி முயலுங்கள். இன்னும் கொஞ்சம் ஏற்றிப் பார்க்கலாம் என்பது இங்கே வேலைக்கு ஆகாது. 205/65 ஆர்16 டயரில் 40 பி.எஸ்.ஐ இருக்கும்போது, அதன் ஒரு பக்கச் சுவர் மேல் மட்டும் 5 டன்னுக்கும் அதிகமான விசை இருக்கும். பீட் கம்பி அறுந்தால் அந்த விசை உங்கள் பக்கம்தான் வரும்.

அதனால் டயருக்கு நேர் மேலே குனியாதீர்கள். பீட்டுக்கும் ரிம்முக்கும் நடுவே விரலை விடாதீர்கள். நீளமான ஹோஸ், கேஜ், கண்ணாடி கட்டாயம். பெட்ரோல் ஊற்றிப் பற்றவைத்து பீட்டை உட்காரவைக்கும் வீடியோக்களைப் பார்த்து வீட்டில் முயலவே வேண்டாம். பல துண்டுகளாக வரும் லாரி ரிம்களும் இந்த மெஷினுக்கான வேலை இல்லை. அதற்கு இரும்புக் கூண்டு வைத்த கடைதான் சரி.

லாபமா, நஷ்டமா?

புது டயர் வாங்கும்போது பல கடைகளில் மாட்டும் கூலி விலையோடு சேர்ந்தே வந்துவிடும். வீட்டில் ஒரே ஒரு கார் என்றால், மெஷின், கம்ப்ரஸர், வயரிங் செலவை அது எந்தக் காலத்திலும் திருப்பித் தராது. நான்கைந்து வண்டி வைத்திருப்பவர்கள், பழைய கார்களை ரெஸ்டோர் செய்பவர்கள், பகுதி நேரமாகத் தொழில் தொடங்க நினைப்பவர்களுக்கு வேண்டுமானால் கணக்கு சரிவரும். தொழிலாகச் செய்தால், வீட்டு மின் இணைப்பு செல்லுமா, வணிக இணைப்பு வேண்டுமா என்பதை ஈ.பி ஆபீஸில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். இந்த மெஷின் வீல் பேலன்ஸிங் செய்யாது என்பதையும் மறக்க வேண்டாம். அதற்குத் தனி மெஷின் வேண்டும், இல்லையென்றால் கடைக்குத்தான் போக வேண்டும்.

வாங்கியாச்சா? காயலான் கடையில் ஒரு இரும்பு ரிம், ஒரு கழிவு டயர் வாங்கி, பத்து முறையாவது மாட்டிக் கழற்றிப் பழகுங்கள். அலாய் வீல் எல்லாம் அப்புறம். சொந்த வண்டியில் மாட்டிய பிறகு, பீட்டைச் சுற்றியும் வால்விலும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். வீல் நட்டை வண்டியின் மேனுவலில் உள்ள டார்க் அளவுக்கு இறுக்கி, 50 முதல் 100 கி.மீ ஓடியதும் இன்னொரு முறை செக் பண்ணுங்கள். ஹைவேயில் ஏறுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.