காலடிக் கணக்கிலிருந்து செயற்கைக்கோள் வரை: கோல்ஃப் திடலில் தூரம் பொதுத் தகவலான வரலாறு

கோல்ஃபில் பந்தை அடிக்கும் முன் ஆட்டக்காரர் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் செய்தி, குழி இருக்கும் புல்தளமான கிரீன் இன்னும் எத்தனை யார்டு என்பதே. அடுத்தடுத்த எண் கொண்ட இரண்டு அயர்ன் மட்டைகளுக்கு இடையே பந்து போகும் தூரம் ஏறத்தாழ 10 யார்டுதான் வேறுபடும். கணக்கு அந்த அளவு பிசகினாலே மட்டைத் தேர்வு தவறிவிடும். ஜி.பி.எஸ். கருவி வரும்வரை இந்த ஆட்டத்தைக் கண்ணும் அனுபவமுமே ஆண்டன என்ற கருத்து பரவலாக உண்டு. வரலாறு அதற்கு இடம் தரவில்லை. கையடக்கக் கருவி கடைக்கு வருவதற்கு ஒரு தலைமுறை முன்பே துல்லியமான தூரம் சிலர் கையில் இருந்தது. அந்தச் சிலர் யார், அது எல்லோருக்கும் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதே இங்கு ஆராய வேண்டியது.

ஸ்காட்லாந்தின் பழைய திடல்களில் தூரத்தைச் சொன்னவர், ஆட்டக்காரரின் மட்டைப்பையைச் சுமக்கும் கேடி. ஒரே திடலில் ஆண்டுக்கணக்காக நடந்து பழகிய கண்ணளவே அவருடைய முதலீடு. அந்தக் கண்ணளவை எண்ணாக மாற்றும் பழக்கம் 1950களில் அமெரிக்க அமெச்சூர் ஆட்டக்காரர்களிடையே வேர்விட்டது. ஜீன் ஆண்ட்ரூஸ், டீன் பீமன் ஆகியோர் திடலை முன்கூட்டியே காலடியால் அளந்து குறித்துவைத்தனர். 1961இல் பெப்பிள் பீச்சில் நடந்த யு.எஸ். அமெச்சூர் போட்டியின்போது பீமன் இதைத் தம் நண்பர் ஜாக் நிக்லஸிடம் சொன்னார். நிக்லஸ் அளந்தார், அந்தப் பட்டத்தையும் வென்றார். அவர் புகழ் வளர வளர, அந்தப் பழக்கமும் தொழில்முறை ஆட்டத்தில் நிலைபெற்றது. மரம், மணற்குழியான பங்கரின் விளிம்பு, தண்ணீர் தெளிப்பான் ஆகியவற்றிலிருந்து கிரீன்வரை உள்ள தூரங்களைத் தாங்கிய யார்டேஜ் புத்தகம் பின்னர் அச்சாகி விற்கப்பட்டது. ஆகவே தூரத்தை எண்ணாக்கியது மனிதக் கால்தான். செயற்கைக்கோள் அந்த வேலையைப் பின்னால் ஏற்றுக்கொண்டது.

ஏற்றுக்கொள்வதற்கு நெடுங்காலம் பிடித்தது. முதல் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் 1978இல் ஏவப்பட்டது. 24 செயற்கைக்கோள்களுடன் முழுச் செயல்பாடு 1995இல் அறிவிக்கப்பட்டது. ஆனால் பொதுமக்களுக்கான சமிக்ஞையை அமெரிக்க அரசு வேண்டுமென்றே மழுங்கடித்து வைத்திருந்ததால், 100 மீட்டர் வரை பிழை நேரக்கூடியதாக இருந்தது. 10 யார்டைக் கணக்கிடும் ஆட்டத்திற்கு அது எவ்வகையிலும் பயன்படவில்லை. 1990களில் கோல்ஃப் வண்டிகளில் திரை பொருத்திய நிறுவனங்கள் இதற்கு மாற்றுவழி கண்டன. இருப்பிடம் துல்லியமாகத் தெரிந்த ஓரிடத்தில் ஒரு நிலையத்தை நிறுவி, சமிக்ஞை காட்டும் இடத்திற்கும் உண்மையான இடத்திற்கும் உள்ள வேறுபாட்டை வானொலி அலைவழி வண்டிகளுக்கு அனுப்பினர். செலவு மிகுந்த ஏற்பாடு இது. வண்டியில் போகிறவருக்கு மட்டுமே உதவியது, நடந்து ஆடுபவருக்கு எட்டவில்லை.

2000 மே மாதத் தொடக்கத்தில் அந்த மழுங்கடிப்பு நிறுத்தப்பட்டது. வான்போக்குவரத்துக்காக அமைந்த வாஸ் என்னும் திருத்தச் சமிக்ஞை 2003இல் செயல்பாட்டுக்கு வந்தபின், பிழை சில மீட்டர்களாகச் சுருங்கியது. ஸ்கைகேடி போன்ற கையடக்கக் கருவிகளுக்கு வழி திறந்தது இப்படித்தான். ஒன்றைக் கவனிக்க வேண்டும். செயற்கைக்கோள் சொல்வது ஆட்டக்காரர் நிற்கும் இடத்தை மட்டுமே. கிரீனின் முன்விளிம்பும் பின்விளிம்பும் எங்கே என்பதை யாரோ முன்பே அளந்து பதிந்திருக்க வேண்டும். அதற்காகவும் அளவையாளர்கள் திடல் திடலாக நடந்தார்கள். பீமனின் காலடி இக்கருவிக்குள்ளும் தொடர்கிறது என்றே கருதுகிறேன். லேசர் ரேஞ்ச்ஃபைண்டர் கண்ணுக்குத் தெரியும் கொடிக்கம்பை அளக்கும். மேட்டுக்கு அப்பால் மறைந்த பங்கரையும் ஜி.பி.எஸ். சொல்லும். புதிய திடலுக்கு வருபவருக்கு அதன் அருமை தெரியும்.

தொழில்நுட்பம் முந்தியது, விதி பின்தொடர்ந்தது. பழைய 14-3ஆம் விதியின்படி தூரத்தைக் கருவியால் அளந்தவர் போட்டியிலிருந்து நீக்கப்படுவார். அதே தூரத்தைக் காலால் அளந்தாலோ புத்தகத்தில் படித்தாலோ குற்றமில்லை. 2006இல் கோல்ஃப் விதிகளை வகுக்கும் யு.எஸ்.ஜி.ஏ.வும் ஆர் அண்ட் ஏவும், உள்ளூர் விதி வகுத்துக் கருவியை அனுமதிக்கலாம் என்றன. என் பார்வையில் அதைவிட ஆழமான மாற்றம் 2008இல் வந்தது. தூரம் பற்றிய தகவல் இனி, எதிராளியிடம் கேட்கக்கூடாத ‘ஆலோசனை’ ஆகாது என்று அந்த ஆண்டின் விதிநூல் வரையறுத்தது. எதிராளியிடம்கூடக் கேட்டு அறியலாம். கேடியின் தனிச்சொத்தாக இருந்த எண் அன்று சட்டப்படி பொதுச்சொத்தாயிற்று. 2019இல் கருவி இயல்பாகவே அனுமதிக்கப்பட்டது. தடை வேண்டுமென்றால்தான் இப்போது உள்ளூர் விதி தேவை. ஆனால் ஏற்றஇறக்கத்தைக் கணக்கிடும் வசதியைப் பயன்படுத்துவது விலக்கப்பட்டது. அளப்பது கருவியின் வேலை, முடிவெடுப்பது ஆட்டக்காரரின் வேலை என்ற இந்த எல்லைக்கோடு நியாயமானது.

உயர்மட்டப் போட்டிகள் தயங்கின. 2021 மே மாதம் கியாவா தீவில் நடந்த பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பே கருவியை அனுமதித்த முதல் ஆண்கள் மேஜர் போட்டி. அதை வென்ற ஃபில் மிக்கல்சனுக்கு அப்போது வயது 50. பி.ஜி.ஏ. டூர் 2025 ஏப்ரல், மே மாதங்களில் சில போட்டிகளில் கருவியைச் சோதித்துப் பார்த்தது. ஒவ்வொரு யார்டையும் அச்சிட்ட புத்தகத்தை அனுமதித்துவிட்டு, அதே எண்ணைக் காட்டும் கருவியை விலக்குவதில் எனக்குத் தர்க்கம் தெரியவில்லை. ஆயினும் மாஸ்டர்ஸ், யு.எஸ். ஓபன், தி ஓபன் ஆகிய மற்ற மூன்று மேஜர்களிலும் 2025இலும் தடையே நீடித்தது. அங்கே கேடிகள் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தெளிப்பானிலிருந்து பந்துவரை அடியெண்ணி நடந்தார்கள்.