ஞாயித்துக்கிழமை மழை வரும் சார்!

வானிலை அறிக்கையைக் கிண்டல் பண்ணாத ஆள் நம்ம ஊர்ல உண்டா? "மழை பெய்யும், அல்லது பெய்யாது"ன்னு ரமணன் சார் காலத்திலிருந்து ஓட்டிக்கிட்டுதான் இருக்கோம். நானும் ஓட்டியிருக்கேன். 1944 ஜூன் மாசத்து ஒரு சனி, ஞாயிறு கதையைப் படிச்சதுக்கு அப்புறம் அந்தக் கிண்டல் கொஞ்சம் குறைஞ்சிருக்கு.

இரண்டாம் உலகப் போர். ஹிட்லர் கையில் இருக்கும் பிரான்சுக்குள் இங்கிலாந்திலிருந்து கடல் தாண்டிப் போய் இறங்கணும். நார்மண்டி கடற்கரை. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள், ஆயிரக்கணக்கான கப்பல்கள். நினைச்ச நாளில் கிளம்பிட முடியாது. பாராசூட்டில் குதிக்கிறவங்களுக்கு நிலா வெளிச்சம் வேணும். கரையில் ஜெர்மன்காரன் நட்டு வெச்சிருக்கும் தடுப்புகள் கண்ணுக்குத் தெரியணும்னா விடியற்காலையில் கடல் உள்வாங்கி இருக்கணும். ரெண்டும் சேர்ந்து வர்றது ஜூன் 5, 6, 7 மூணே நாள். விட்டால் ரெண்டு வாரம் கழிச்சுத்தான் அலை ஒத்து வரும், அப்போ நிலா இருக்காது. தளபதி ஐசனோவர் ஜூன் 5, திங்கட்கிழமைன்னு குறிச்சு வெச்சிருந்தார்.

மே மாசம் முழுக்க அருமையான வெயில். ஜூன் பிறந்ததும் அட்லாண்டிக்கில் வரிசையா காற்றழுத்தத் தாழ்வுகள் கிளம்ப ஆரம்பிச்சது.

இங்கேதான் நம்ம ஹீரோ வர்றார். ஜேம்ஸ் ஸ்டாக், ஸ்காட்லாந்துக்காரர். அடிப்படையில் ராணுவ ஆளே கிடையாது. ஜெனரல்கள் மதிக்கணுமேன்னு விமானப்படையில் குரூப் கேப்டன் பதவி கொடுத்து யூனிஃபார்ம் மாட்டி விட்டாங்க. அவர் வேலை வரைபடம் போடுறது இல்லை. மூணு கோஷ்டிகளோட போனில் பேசி, மூணு பேர் சொல்றதையும் ஒரே பதிலா ஆக்கி ஐசனோவரிடம் சொல்றது. பிரிட்டிஷ் வானிலைத் துறை, பிரிட்டிஷ் கடற்படை, அமெரிக்க விமானப்படை. மூணும் ஒத்துப்போனா அது அதிசயம்!

அமெரிக்க கோஷ்டியின் தலை இர்விங் க்ரிக். பழைய வரைபடங்களை எடுத்து, இதே மாதிரி முன்னாடி எப்போ இருந்தது, அப்போ அடுத்து என்ன ஆச்சுன்னு பார்த்துச் சொல்றது அவர் முறை. அவர் கணக்குப்படி 5ஆம் தேதி போகலாம். பிரிட்டிஷ் பக்கம் இருந்த நார்வேக்காரர் பெட்டர்சனுக்கு இது சுத்தமா பிடிக்காது. மேல்வளி மண்டலத்தில் என்ன நடக்குதுன்னு பார்த்து பௌதீகப்படி சொல்லணும் என்பது அவர் கட்சி. 5ஆம் தேதி கண்டிப்பா புயல்னார். கம்ப்யூட்டரில் முதல் வானிலைக் கணிப்பு நடந்ததே 1950-ல்தான். இவங்களுக்குக் கையில் பென்சிலும் போனும்தான்.

(டெஸ்டிங் டீம் ஒண்ணு சொல்ல, டெவலப்மென்ட் டீம் ஒண்ணு சொல்ல, நடுவில் மாட்டிக்கிட்டு மேனேஜர் முகத்தைப் பார்த்துப் பேசின அனுபவம் உள்ளவங்களுக்கு ஸ்டாக் மேல ஒரு தனிப் பாசம் வரும். என்ன, நாம தப்பாச் சொன்னா ஆள் சாக மாட்டாங்க.)

சனிக்கிழமை ராத்திரி ஸ்டாக் போய், திங்கட்கிழமை காத்தும் தாழ்வான மேகமுமா மோசமா இருக்கும்னு சொல்லிட்டார். ஞாயிறு விடியற்காலை 4.15-க்கு மறுபடி கூட்டம். அப்பவும் அதேதான். ஐசனோவர் ஒரு நாள் தள்ளி வெச்சார். கிளம்பிப் போய்க்கிட்டிருந்த கப்பல்களையெல்லாம் திரும்பக் கூப்பிட வேண்டியதாப் போச்சு.

எனக்குப் பிடிச்ச இடமே இதுதான். அந்த நேரத்தில் போர்ட்ஸ்மவுத்தில் வெளியே மழையே இல்லை. வானம் தெளிவு, காத்து அமைதி! ஜன்னலைத் திறந்து "எங்கேய்யா உன் புயல்?"னு கேட்க எல்லா உரிமையும் அந்த ஜெனரல்களுக்கு இருந்தது. மான்ட்கோமரி போயிடலாம்னுதான் சொன்னார். கண்ணால் பார்க்கிற வானத்தை விட்டுட்டு, காகிதத்தில் இருக்கிற வானத்தை நம்பினார் ஐசனோவர்.

ஞாயிறு பகல் போகப் போக மேகம் கூடி காத்து எழுந்துச்சு. ராத்திரி கூட்டத்தின்போது மழை கொட்டுது. அந்தக் கொட்டுற மழையில் ஸ்டாக் என்ன சொன்னார் தெரியுமா? செவ்வாய்க்கிழமை ஒரு சின்ன இடைவெளி கிடைக்கும், போகலாம்! திங்கள் விடியற்காலை ஐசனோவர் முடிவை உறுதி பண்ணிட்டார்.

எதிர்ப்பக்கம் ஜெர்மன்காரங்களுக்கு அட்லாண்டிக் தகவல் ரொம்பக் குறைவு. இந்த வானிலையில் எவனும் வரமாட்டான்னு 4ஆம் தேதியே ரோமெல் வீட்டுக்குக் கிளம்பிட்டார். 6ஆம் தேதி மனைவிக்குப் பிறந்தநாள்.

செவ்வாய்க்கிழமை வானிலை ஒண்ணும் பிரமாதமா இல்லை, அதையும் சொல்லணும். ஒமாஹா கடற்கரையில் நீந்திப் போக விட்ட டாங்கிகள் பல அலையில் மூழ்கின. மேகத்தால் பாராசூட் வீரர்கள் எங்கெங்கோ போய் விழுந்தாங்க. ஸ்டாக் சொன்னது நல்ல வானிலை இல்லை, சமாளிக்கக்கூடிய வானிலை. ரெண்டு வாரம் தள்ளிப் போட்டிருந்தா? ஜூன் 19-ல் ஆரம்பிச்ச புயல், அமெரிக்கர்கள் ஒமாஹாவில் கட்டின செயற்கைத் துறைமுகத்தையே பிச்சுப் போட்டுருச்சு.

இவ்வளவுக்கும் மூலம் எங்கேன்னு பார்த்தா, அயர்லாந்தின் மேற்குக் கரையில் பிளாக்சாட் என்ற ஊரின் தபால் ஆபீஸ். அட்லாண்டிக்கிலிருந்து வர்ற வானிலை முதலில் தொடுற இடங்களில் ஒண்ணு. அயர்லாந்து நடுநிலை நாடு, ஆனாலும் வானிலைத் தகவலை பிரிட்டனுக்குக் கொடுத்துக்கிட்டிருந்தது. அங்கே வேலை பார்த்த மௌரீன் ஃப்ளாவினுக்கு ஜூன் 3 இருபத்தோராவது பிறந்தநாள். அன்னிக்கு பாரோமீட்டர் கிடுகிடுன்னு இறங்குறதைக் குறிச்சு அனுப்பினார். இங்கிலாந்திலிருந்து ஒரு பெண் போன் பண்ணி, ரீடிங்கைச் சரிபார்த்து மறுபடி சொல்லுங்கன்னு கேட்டார். கொஞ்ச நேரத்தில் இன்னொரு தடவையும். தப்பா எழுதிட்டோமோன்னு மௌரீனுக்குக் கவலை. கலங்கரை விளக்கம் பார்த்துக்கிட்டிருந்த டெட் ஸ்வீனியைக் கூப்பிட்டு மறுபடி பார்க்கச் சொன்னார். அதே எண்தான். (பின்னாடி அவரையே கல்யாணமும் பண்ணிக்கிட்டார்.)

எதுக்கு அவ்வளவு தடவை கேட்டாங்கன்னு மௌரீனுக்கு 1956 வரை தெரியாது. 2023 டிசம்பரில், நூறு வயசில் இறந்து போனார்.